தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து டிஏ பயிற்சிக்கு: வார இறுதிப் பயணம், தங்கல் – முழுமையான வழிகாட்டி

டெரிட்டோரியல் ஆர்மி (டிஏ) எனப்படும் பிராந்திய ராணுவத்தில் சேர்ந்து, வேலையையும் விடாமல், பயிற்சி நாட்களுக்கு மட்டும் யூனிட்டுக்குப் போய் வருபவர்களுக்காக எழுதியது இது. நம் இரண்டு மாவட்டங்களிலும் டிஏ பட்டாலியன் கிடையாது. தமிழ்நாட்டில் காலாட்படை டிஏ என்றால் கோயம்புத்தூரில் 110ஆவது பட்டாலியன், திருச்சியில் 117ஆவது பட்டாலியன். இங்கிருந்து அதிகம் பேர் போவது கோவைக்கு என்பதால் கணக்கெல்லாம் கோவையை வைத்தே போட்டிருக்கிறது. திருச்சிக்கான வேறுபாடுகள் 10ஆம் பகுதியில் உள்ளன.

புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் போகும்போது இல்லை, திரும்பும்போதுதான். வெள்ளிக்கிழமை போய்ச் சேர்வதற்கு நாலு பேரிடம் விசாரித்து வைத்திருப்பார்கள். ஞாயிறு சாயங்காலம் கலைத்து விட்ட பிறகு எப்படித் திரும்புவது என்பதை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் நேரக் கணக்கு திரும்பும் பயணத்திலிருந்தே தொடங்குகிறது.

1. கிளம்பும் முன் கடிதத்தில் பார்க்க வேண்டியவை

யூனிட் அனுப்பும் அழைப்புக் கடிதத்தில் ஐந்து விஷயங்களைத் தேடுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு ரிப்போர்ட், எந்த இடம், தங்குமிடம் உண்டா, சாப்பாடு உண்டா. இவற்றில் எது இல்லையோ அதை யூனிட் அலுவலகத்துக்குப் போன் செய்து கேளுங்கள். ஹெட் கிளார்க்கிடமோ உங்கள் கம்பெனி சிஎச்எம்மிடமோ (கம்பெனி ஹவில்தார் மேஜர்) கேட்டால் நேரடியாகப் பதில் வரும். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் போன வருஷத்துப் பதில்தான் வரும்.

இடம் என்பதை அழுத்திக் கேட்க வேண்டும். கோவையில் ராணுவ இடம் ஒன்றல்ல. ரெட் ஃபீல்ட்ஸ் ஊருக்குள் இருக்கிறது. மதுக்கரை பாலக்காடு சாலையில், ஊரைத் தாண்டி. துப்பாக்கிச் சுடும் பயிற்சி இருக்கும் வாரத்தில் ரிப்போர்ட் செய்யும் இடம் வழக்கமான இடமாகவே இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். காந்திபுரத்தில் ரூம் போட்டுவிட்டு விடியற்காலை மதுக்கரைக்கு ஓடினால் அரை மணி நேரத் தூக்கமும் ஆட்டோ காசும் போகும்.

உங்கள் யூனிட் எந்த வகை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நகர்ப்புற வகை யூனிட்டில் வருடாந்திரப் பயிற்சி 30 நாள். அதில் 14 நாள் முகாம், மீதி வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் வரும். நான்கு மணி நேரப் பயிற்சி ஒரு நாளாகக் கணக்கு. மற்ற வகை யூனிட்டில் இரண்டு மாதம் தொடர்ச்சியாக இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போய் ஒரு தடவை திரும்பினால் போதும். வாராவாரம் போய் வரும் தொல்லை முதல் வகைக்குத்தான். கீழே வருவது முக்கியமாக அவர்களுக்கு.

2. திங்கள் காலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

ஒரு தாளில் கீழிருந்து மேலாக எழுதுங்கள். கடைசி வரியில் திங்கள்கிழமை எத்தனை மணிக்கு வேலையில் இருக்க வேண்டும் என்பது. அதற்கு மேல் வீட்டிலிருந்து கிளம்பும் நேரம், தூங்கும் நேரம், வீடு சேரும் நேரம் என்று ஏறிக்கொண்டே போங்கள்.

தூரம் இது. தர்மபுரி–சேலம் சுமார் 65 கி.மீ., பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். சேலம்–கோவை சுமார் 165 கி.மீ., பஸ்ஸில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்கு இன்னும் ஒரு மணி நேரம். ஆக, சேலத்தில் பஸ் மாறும் நேரத்தையும் சேர்த்து, தர்மபுரிக்காரருக்கு ஆறு மணி நேரம், கிருஷ்ணகிரிக்காரருக்கு ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப் நாலரை மணி நேரம் என்று காட்டும். அது கார் கணக்கு.

ஞாயிறு மாலை 4 மணிக்குக் கலைத்து விடுகிறார்கள் என்று வையுங்கள். துணி மாற்றி, பையை எடுத்து, காந்திபுரம் வர 5 மணி. சேலம் 9 மணி. தர்மபுரி பத்தரை, பதினொன்று. கிருஷ்ணகிரி பன்னிரண்டு. அந்த நேரத்தில் ஊத்தங்கரைப் பக்கத்து கிராமத்துக்கோ அஞ்செட்டிக்கோ டவுன் பஸ் கிடையாது. பஸ் நிலையத்தில் உங்கள் பைக் நிற்க வேண்டும், அல்லது வீட்டிலிருந்து யாராவது வர வேண்டும், அல்லது அங்கேயே விடியும் வரை உட்கார வேண்டும். மூன்றில் எது என்பதை வெள்ளிக்கிழமையே முடிவு செய்யுங்கள்.

ஓசூர் சிப்காட்டில் காலை 6 மணி ஷிஃப்ட் என்றால் இந்தக் கணக்கு உதைக்கும். நள்ளிரவுக்கு மேல் வீடு சேர்ந்து நான்கு மணிக்குக் கம்பெனி பஸ் பிடிக்க முடியாது. திங்கள்கிழமை மட்டும் செகண்ட் ஷிஃப்ட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதை முன்கூட்டியே பேசி வைப்பதுதான் அடுத்த படி.

3. வேலை இடத்தில் தேதிகளைக் கொடுத்துவிடுங்கள்

பயிற்சித் தேதிகள் கைக்கு வந்த அன்றே ஒரு நகலை ஹெச்ஆரிடமும் இன்னொன்றை ஷிஃப்ட் போடும் சூப்பர்வைசரிடமும் கொடுங்கள். ஹெச்ஆரிடம் மட்டும் கொடுத்தால் விடுப்பு பதிவாகும், ஆனால் ஷிஃப்ட் அட்டவணையில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். கடைசியில் உங்களுக்காக ஓவர்டைம் பார்த்த ஆள் கோபப்படுவார்.

டிஏவில் இருப்பவர் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டால், முடிந்து வரும்போது முதலாளி அவரை மீண்டும் வேலையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் டெரிட்டோரியல் ஆர்மி சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது என்பதற்காக அதைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்காதீர்கள். வெள்ளி அரை நாள், திங்கள் ஷிஃப்ட் மாற்றம் – இந்த இரண்டும் சூப்பர்வைசர் மனசு வைத்தால்தான் நடக்கும். பதிலுக்கு நீங்கள் எந்த ஞாயிறு வேலைக்கு வருவீர்கள் என்று சேர்த்துச் சொன்னால் காரியம் ஆகும்.

4. எங்கிருந்து ஏறுவது: உங்கள் ஊரைப் பொறுத்தது

எல்லோரும் மாவட்டத் தலைநகருக்கு வந்துதான் ஏற வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் வழி வேறு.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம்: தர்மபுரிக்கு வராதீர்கள். அரூரிலிருந்து மஞ்சவாடி கணவாய் வழியாக நேரே சேலம் போகலாம். இன்னொன்று, ஜோலார்பேட்டை–சேலம் மெயின் லைன் உங்கள் பக்கமாகத்தான் போகிறது. மொரப்பூர், பொம்மிடி இரண்டும் அந்த லைனில் உள்ள நிலையங்கள். சென்னையிலிருந்து கோவை போகும் ரயில்கள் ஓடுவது இதில்தான். எல்லா ரயிலும் நிற்காது. எது நிற்கிறது என்று பார்த்து ஒன்றுக்கு இரண்டாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊத்தங்கரை: சாமல்பட்டி அதே லைனில் இருக்கிறது, ஆனால் நிற்கும் ரயில் குறைவு. திருப்பத்தூர் அல்லது மொரப்பூர் போவது நல்லது.

கிருஷ்ணகிரி, பர்கூர்: கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையம் இல்லை. ரயில்தான் வேண்டும் என்றால் தர்மபுரிக்கு வரலாம், அல்லது பர்கூர் வழியாகத் திருப்பத்தூர், ஜோலார்பேட்டை போகலாம். கோவை பக்கம் ரயில் அதிகம் கிடைப்பது ஜோலார்பேட்டையில். தெற்கே போவதற்குக் கிழக்கே போகிறோமே என்று தோன்றும். இரவில் படுத்துக்கொண்டு போக பெர்த் கிடைக்குமானால் அந்தச் சுற்று தகும்.

ராயக்கோட்டை, பாலக்கோடு: தர்மபுரி–ஓசூர் லைனில் நிலையம் இருக்கிறது, ஆனால் எக்ஸ்பிரஸ் எல்லாம் நிற்பதில்லை. தர்மபுரி வந்து ஏறுங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக்காரர்களுக்கு ஓசூர்.

பென்னாகரம்: பெரும்பாலை, மேச்சேரி வழியாக மேட்டூர் போய், அங்கிருந்து பவானி. சேலம் நெரிசலைத் தொடவே வேண்டாம். பகலில் மட்டும் இந்த வழி. இரவில் பஸ் விட்டுவிட்டு வரும்.

5. பஸ்: கூட்டம் போகும் பக்கமே நீங்களும் போகிறீர்கள்

இதைப் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும். வெள்ளிக்கிழமை மாலை பெங்களூருவில் வேலை பார்க்கும் கூட்டம் முழுக்க சேலம், ஈரோடு, கோவை பக்கம் இறங்குகிறது. ஞாயிறு இரவு அதே கூட்டம் பெங்களூரு திரும்புகிறது. நீங்கள் போவது வெள்ளி மாலை தெற்கே, வருவது ஞாயிறு இரவு வடக்கே. இரண்டு தடவையும் கூட்டத்தோடுதான் பயணம்.

அதனால் வெள்ளி மாலை கிருஷ்ணகிரி பைபாஸிலோ தர்மபுரி பைபாஸிலோ நின்று பெங்களூரு பஸ்ஸுக்குக் கை காட்டாதீர்கள். நிறைந்து வரும், நிற்காது. நின்றாலும் சேலம் வரை நின்றுகொண்டே போக வேண்டும். பஸ் நிலையத்துக்குள் போய், அங்கிருந்தே புறப்படும் சேலம் பஸ்ஸில் ஏறுங்கள். பத்து நிமிடம் தாமதமானாலும் சீட் இருக்கும். முதுகில் பிட்டு (ராணுவ முதுகுப்பை), கையில் பை என்று நின்றுகொண்டு தொப்பூர் கணவாயில் இறங்குவது என்ன என்பது ஒருமுறை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சேலம் புதிய பஸ் நிலையத்தில் இறங்கியதும் கோவை பஸ் நிற்கும் பக்கம் போங்கள். இரண்டு வகை இருக்கும். ஒன்று பவானி, பெருந்துறை பைபாஸ் வழியாக நேரே போவது. இன்னொன்று ஈரோடு, திருப்பூர் என்று ஊர் ஊராக நுழைவது. இரண்டுக்கும் கோவை என்றுதான் போர்டு இருக்கும். ஏறும் முன் கண்டக்டரிடம், "ஈரோடு உள்ள போகுமாண்ணா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போகும் என்றால் இறங்கி அடுத்ததைப் பாருங்கள். முக்கால் மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம் மிச்சம்.

ஞாயிறு திரும்பும்போதும் துண்டு துண்டாக பஸ் மாறித்தான் வர வேண்டும். காந்திபுரத்திலிருந்து சேலம், சேலத்திலிருந்து தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி. கோவை–பெங்களூரு பஸ்ஸில் முன்பதிவு செய்திருந்தால் சுகம்தான். ஆனால் டிக்கெட் எடுக்கும் முன் இரண்டு கேள்வி: உங்கள் ஊருக்கு இறங்குமிடம் போட்டிருக்கிறதா, பஸ் ஊருக்குள் வருமா பைபாஸோடு போய்விடுமா. இரவு ஒரு மணிக்குப் பைபாஸில் இறக்கி விட்டால் பஸ் நிலையத்தில் நிற்கும் உங்கள் பைக்குக்கு ஆட்டோ வேண்டும், அந்த நேரத்து ஆட்டோ சொல்வதுதான் விலை.

முகூர்த்த நாள் ஒட்டிய வார இறுதி, பொங்கல், தீபாவளி, பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளி – இந்த நாட்களில் மேலே சொன்ன ஆறு மணி நேரத்தோடு இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சித் தேதி வந்ததும் தினசரி காலண்டரைப் பார்த்து முகூர்த்தமா என்று குறித்துவிடுங்கள். ரூம் வாடகைக்கும் அதே நாள்தான் எதிரி.

6. ரயில்: எது உங்கள் நேரத்துக்குப் பொருந்தும்

கோவை–பெங்களூரு வந்தே பாரத் தர்மபுரியிலும் ஓசூரிலும் நிற்கிறது. வியாழன் தவிர மற்ற நாட்களில் ஓடுகிறது. மதியத்துக்கு மேல் பெங்களூருவில் கிளம்பி இரவு கோவை சேர்வதால் வெள்ளிக்கிழமை போவதற்கு இதைவிட நல்லது இல்லை. கோவையிலிருந்து கிளம்புவது காலையில் என்பதால் ஞாயிறு திரும்ப உதவாது. போக வர இரண்டுக்கும் இதையே நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

பெங்களூரு–எர்ணாகுளம் இன்டர்சிட்டியும் தர்மபுரி வழிதான். காலையில் தர்மபுரி, மதியவாக்கில் கோவை. மறுபக்கம் மதியவாக்கில் கோவை, சாயங்காலம் தர்மபுரி. ஞாயிறு காலையோடு பரேடு முடிந்துவிடும் வாரத்தில் இது பொருந்தும். மும்பையிலிருந்து வரும் கோவை எக்ஸ்பிரஸ் நள்ளிரவுக்கு மேல் தர்மபுரியைக் கடந்து காலையில் கோவை சேரும். இரண்டாம் நாள் ஓட்டத்தில் இருக்கும் ரயில் அது. தாமதம் சகஜம். காலை 7 மணி ஃபால்-இன்னுக்கு (அணியில் வந்து நிற்பதற்கு) இதை நம்பக் கூடாது.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். தேதி தெரிந்த அன்றே போட்டுவிடுங்கள். விட்டுவிட்டால் முந்தின நாள் தட்கல்: ஏசி காலை 10 மணிக்கு, ஸ்லீப்பர் 11 மணிக்கு. நேர அட்டவணை மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் வாரத்தில் ரயில்வேயின் என்டிஇஎஸ் ஆப்பில் ஒருமுறை பாருங்கள்.

வாரண்ட் (யூனிட் தரும் ரயில் பயண அனுமதித் தாள்) கிடைத்தால் ஒரு விஷயம்: வாரண்ட் தாள் டிக்கெட் ஆகாது. அதை ரயில் நிலையக் கவுண்டரில் கொடுத்து டிக்கெட்டாக மாற்ற வேண்டும். தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஏறினால் டிக்கெட் இல்லாப் பயணம்தான். வாரண்ட் உண்டா, பயணப்படி உண்டா, ஒன்றுமில்லையா என்பதைக் கிளம்பும் முன் யூனிட்டில் கேளுங்கள். எதுவாக இருந்தாலும் பஸ் டிக்கெட்டைக்கூடக் கிழித்துப் போடாதீர்கள். அந்த மை ஒரு மாதத்தில் மங்கிவிடும், அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

7. பைக், கார்

பைக்கில் ஒரு பக்கம் 230 கி.மீ., கிருஷ்ணகிரியிலிருந்து 280. போகலாம். திரும்பி வருவதில்தான் ஆபத்து. இரண்டு நாள் வெயிலில் நின்று, ஐந்து கிலோமீட்டர் ஓடி, அரைத் தூக்கத்தில் இருந்தவர் ஞாயிறு இரவு ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. கண் செருகுவது பெருந்துறைக்கும் சங்ககிரிக்கும் நடுவில், சாலை நேராகவும் காற்று குளிர்ந்தும் இருக்கும் இடத்தில்தான். பைக்கில்தான் என்றால் ஞாயிறு இரவு தங்கி, திங்கள் விடிந்து கிளம்புங்கள்.

தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கிப் போகும் பக்கம்தான் இறக்கம். லாரிகளுக்குப் பிரேக் பிடிக்காமல் விபத்தாவது அந்தப் பக்கம். இடது ஓரமாகவே போங்கள், இரண்டு லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள், கியரைக் குறைத்து இன்ஜினால் வேகத்தைப் பிடியுங்கள். நியூட்ரலில் இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இந்த இடத்தில் அதை விட்டுவிடுங்கள்.

நாலு பேர் சேர்ந்து கார் எடுத்தால் செலவு பஸ்ஸை விட அதிகமாகும், ஆனால் நள்ளிரவு அலைச்சல் இல்லை. தர்மபுரியிலிருந்து போக வர 460 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் 31 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் என்பதால் மூவாயிரத்துச் சொச்சம். பாளையம், வைகுந்தம், விஜயமங்கலம் என்று வழியில் டோல்கள் வேறு. மொத்தத்தை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு ஆயிரத்தை ஒட்டி வரும். ஒன்றை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்: ஞாயிறு வண்டி ஓட்டுபவர் சனி இரவு பத்து மணிக்குப் படுக்க வேண்டும். மற்ற மூவரும் பின்னால் தூங்கிவிடுவார்கள் என்பதால் இந்த விதி அவருக்குத்தான்.

8. தங்குமிடம்: லாட்ஜில் கேட்க வேண்டிய நாலு கேள்வி

யூனிட் லைனிலேயே (வீரர்கள் தங்கும் கட்டடத்திலேயே) படுக்க இடம் கொடுத்தால் வேறு யோசனை வேண்டாம். தரையில் விரித்துப் படுத்தாலும் ஃபால்-இன்னுக்கு ஐந்து நிமிடம். வெள்ளி இரவு எத்தனை மணி வரை கேட்டில் உள்ளே விடுவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் சென்ட்ரி (காவலுக்கு நிற்பவர்) உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் வெளியேதான்.

வெளியே தங்குவதானால் இரண்டு இடம். காந்திபுரம் பஸ் நிலையத்தைச் சுற்றி, அல்லது ஜங்ஷன் எதிரே கீதா ஹால் ரோடு. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் திரும்புபவருக்கு முதலாவது. ரெட் ஃபீல்ட்ஸ் போக வேண்டியவருக்கு இரண்டாவது கிட்டம். மதுக்கரை என்றால் உக்கடம் பக்கம் பார்க்கலாம்.

லாட்ஜில் முதலில் கேட்பது வாடகையாக இருக்க வேண்டாம். செக்-அவுட் 24 மணி நேரமா, பகல் 12 மணியா? இதில்தான் காசு போகிறது. வெள்ளி இரவு பத்தரைக்கு ரூம் எடுக்கிறீர்கள். 24 மணி நேரக் கணக்கு என்றால் இரண்டு நாள் வாடகையில் ஞாயிறு இரவு பத்தரை வரை ரூம் உங்களுடையது. பரேடு முடிந்து வந்து குளித்துக் கிளம்பலாம். பகல் 12 கணக்கு என்றால் வெள்ளி இரவு முதல் சனி மதியம் வரையே ஒரு நாள் ஓடிவிடும். ஞாயிறு 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும், நீங்களோ அப்போது பரேடில் இருப்பீர்கள். மூன்றாம் நாள் வாடகை கேட்பார்கள், அல்லது சாமானைக் கொண்டுவந்து ரிசப்ஷனில் போட்டுவிடுவார்கள்.

இரண்டாவது, வெந்நீர் எத்தனை மணிக்கு? பல லாட்ஜில் காலை 6 முதல் 8 வரைதான். நீங்கள் ஐந்தரைக்குக் குளிக்க வேண்டும். பக்கெட் வெந்நீர் தனியாகத் தருவார்களா என்று இரவே சொல்லி வையுங்கள்.

மூன்றாவது, ஷட்டரை எப்போது திறப்பீர்கள்? இரவு பதினொன்றுக்கு இறக்கிவிட்டு, காலை ஆறுக்குத் திறக்கும் லாட்ஜ் உண்டு. விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு முழு டிரஸ்ஸில் ஷட்டருக்கு உள்ளே நின்று ரூம் பாயை எழுப்பிக்கொண்டிருக்கும் நிலை வரக் கூடாது.

நான்காவது, ரூம் ரோட்டுப் பக்கமா, பின்பக்கமா? காந்திபுரத்தில் பஸ் ஹாரன் இரவு முழுக்க ஓயாது. பின்பக்க ரூம் கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் எடுங்கள்.

பதிவேட்டுக்கு ஆதார் கொடுங்கள். ராணுவ அடையாள அட்டையையோ அழைப்புக் கடிதத்தையோ ஜெராக்ஸ் எடுக்கக் கொடுக்காதீர்கள். 'எதற்காக வந்தீர்கள்' என்ற கட்டத்தில் சொந்த வேலை என்று எழுதினால் போதும். யூனிட் பெயர், எத்தனை பேர், எந்த மைதானம் என்பதெல்லாம் லாட்ஜ் பதிவேட்டுக்கோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கோ உரியதில்லை.

ரயில்வே ஓய்வறைக்குப் பிஎன்ஆர் எண் வேண்டும். பஸ்ஸில் வந்தவருக்குக் கிடைக்காது. முன்னாள் படைவீரர் ஓய்வில்லங்களில் இடம் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் முன்னுரிமை முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும்தான். அதையே நம்பி வெள்ளி இரவு போய் நிற்காதீர்கள். கோவையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முதல் தடவை போகலாம். மாதம் இரண்டு தடவை, விடியற்காலை நாலே முக்காலுக்கு அலாரம் வைத்து எழும் விருந்தாளியை எந்த அத்தையும் நெடுநாள் தாங்க மாட்டார்.

9. பையில் என்ன, எந்த வரிசையில்

பயணம் சிவில் உடையில். யூனிஃபார்ம் பைக்குள், மடிப்பு கலையாமல், நடுவில் துணியோடு சுருட்டி. பெல்ட், தொப்பி, பேட்ஜ் எல்லாம் ஒரே சிறு பையில் போட்டு மேலாக வையுங்கள். ஐந்து மணி இருட்டில் தேடித் தொலைவது இவைதான்.

பூட்டைக் காலில் போட்டுக்கொண்டு வராதீர்கள். ஏழு மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பாதம் வீங்கும், அந்த வீக்கத்தோடு காலையில் ஓடினால் குதிகாலில் கொப்புளம். செருப்பில் வாருங்கள், பூட்டைப் பையின் அடியில் வைத்து உள்ளே சாக்ஸைத் திணியுங்கள். சாக்ஸ் நாலு ஜோடி. இரண்டு நாளுக்கு இரண்டு போதும் என்று தோன்றும். மழையோ வேர்வையோ நனைத்தால் மாற்ற வேண்டும், லாட்ஜ் ஃபேனில் ஒரே இரவில் கம்பளி சாக்ஸ் காயாது.

அடையாள அட்டை, அழைப்புக் கடிதம், ஆதார், இரண்டு பாஸ்போர்ட் போட்டோ – பிளாஸ்டிக் உறையில், பையில் இல்லாமல் உடம்போடு. பஸ்ஸில் பை மேலே இருக்கும், நீங்கள் தூங்குவீர்கள்.

வெள்ளி இரவு வழியில் நிறுத்தும் ஓட்டலில் புரோட்டா, சால்னா வேண்டாம். நேரம் கழித்துச் சாப்பிட்ட மைதா காலை ஓட்டத்தில் மேலே வரும். வீட்டிலிருந்து புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு சேலத்திலேயே சாப்பிட்டு முடியுங்கள்.

10. திருச்சிக்குப் போகிறவர்களுக்கு

சேலம் வரை எல்லாம் ஒன்றே. அங்கிருந்து நாமக்கல், முசிறி வழி. தூரம் கோவையை விடக் கொஞ்சம் குறைவு. சேலத்திலிருந்து பெங்களூரு கூட்டத்தில் பாதி பிரிந்துவிடுவதால் சீட் கிடைப்பதும் எளிது. ஆனால் திருச்சியில் 2025இல் பஞ்சப்பூர் பஸ் முனையம் வந்த பிறகு எந்த பஸ் எங்கே நிற்கும் என்பது மாறிவிட்டது. பழைய ஆட்கள் சொல்லும் 'சென்ட்ரலில் இறங்கு' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஏறும்போதே கண்டக்டரிடம் கேளுங்கள். பஞ்சப்பூர் ஊருக்கு வெளியே இருப்பதால் அங்கிருந்து லாட்ஜுக்கு அரை மணி நேரம் கூடுதலாக வைக்க வேண்டும்.

11. வெள்ளி இரவுப் பயணமா, மாலைப் பயணமா

காலை 7 மணி ஃபால்-இன் என்றால் கேட்டில் ஆறரைக்கு. லாட்ஜை விட்டு ஆறுக்கு. எழுவது நாலே முக்காலுக்கு. ஐந்தே முக்கால் மணி நேரமாவது தூங்க பதினொன்றுக்குப் படுக்க வேண்டும். அதற்குக் காந்திபுரத்தில் பத்தரைக்கு இறங்க வேண்டும். தர்மபுரியில் மாலை நாலரை, கிருஷ்ணகிரியில் மூன்றரை. இதனால்தான் வெள்ளி அரை நாள் விடுப்பு.

அரை நாள் கிடைக்காவிட்டால் இரவு பத்து மணி பஸ். விடியற்காலை நாலரைக்குக் கோவை. வகுப்பு, ஆயுதப் பராமரிப்பு போன்ற உட்கார்ந்து செய்யும் வேலை இருக்கும் சனிக்கிழமைக்கு இது ஓடும். பிபிஇடி (ராணுவ உடற்திறன் தேர்வு) ஓட்டமோ சுடும் பயிற்சியோ இருக்கும் நாளுக்கு வேண்டாம். தூங்காத கண்ணோடு ரேஞ்சில் படுத்தால் குறி தப்பும், கட்டளையும் பாதிதான் காதில் விழும். அந்த வாரம் சம்பளத்தை விட்டாவது வெள்ளி முழு நாள் எடுங்கள்.

12. வண்டியை நிறுத்திவிட்டுப் போவது

சின்ன விஷயம், ஆனால் ஞாயிறு நள்ளிரவில் பெரிதாகிவிடும். பஸ் நிலைய, ரயில் நிலைய டூ-வீலர் ஸ்டாண்டு எல்லாம் 24 மணி நேரமும் இயங்குவதில்லை. வண்டியை விடும்போதே 'ஞாயிறு ராத்திரி பன்னிரண்டுக்கு வருவேன், ஆள் இருப்பாங்களா?' என்று கேளுங்கள். இருக்க மாட்டார்கள் என்றால் பக்கத்து ஸ்டாண்டு.

டோக்கனை நிறுத்தும்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். தொலைந்தால் ஆர்சியைக் காட்டச் சொல்வார்கள், அது வீட்டில் இருக்கும். டிஜிலாக்கரில் ஆர்சியை ஏற்றி வைத்திருந்தால் இந்த வம்பு இல்லை. பெட்ரோல் டேங்கில் வீடு சேரும் அளவுக்காவது இருக்கட்டும். அந்த நேரத்தில் ஊர்ப்பக்கத்து பங்க் மூடியிருக்கும். ஹெல்மெட்டை வண்டியிலேயே பூட்டி வையுங்கள், கோவை வரை அதைச் சுமந்து திரிய வேண்டாம்.